"எப்படி இருக்கு?" என்று கேட்டால் "சூப்பர்" என்றுதான் பதில் வரும்

கல்லூரிகளில் இறுதியாண்டு ப்ராஜெக்ட் ஒப்படைக்கிற நேரம். இந்த முறை வந்த கடிதங்களில் நிறைய, மாணவர்கள் தாங்களே எடுத்த பாட்டு வீடியோவைப் போட்டுக் காட்டி எப்படிக் கருத்து கேட்பது என்பதைப் பற்றித்தான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: வணக்கம் சார். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ப்ராஜெக்டுக்காக ஒரு ஆல்பம் பாட்டு எடுத்தோம். நான்கு நிமிடம். இசையும் எங்கள் வகுப்பு நண்பன் போட்டதுதான். கூகுள் ஃபார்ம் தயார் செய்து வாட்ஸ்அப் குரூப்களில் அனுப்பினோம். அறுபது பேருக்கு மேல் பதில் போட்டார்கள். எல்லாமே 'சூப்பர்', 'வேற லெவல்', 'செம்ம மச்சி'. சராசரி ஐந்துக்கு நாலரை. ஹெச்ஓடி (துறைத் தலைவர்) பார்த்துவிட்டு "இதிலிருந்து உங்களுக்கு என்னப்பா தெரிஞ்சுது?" என்றார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. நல்ல பதிலாக வந்தது தப்பா?
- விஸ்காம் மூன்றாம் ஆண்டு மாணவர், திருநெல்வேலி

பதில்: நல்ல பதில் வந்ததில் தப்பே இல்லை, சந்தோஷப்படுங்கள். ஆனால் உங்கள் ஹெச்ஓடி கேட்டது சரியான கேள்வி. அந்த அறுபது பேரில் பெரும்பாலானவர்கள் உங்கள் வகுப்பு, உங்கள் ஹாஸ்டல், உங்கள் தெருவாக இருப்பார்கள். நீங்கள் தூக்கம் கெட்டு எடிட் செய்தது அவர்களுக்குத் தெரியும், நாளைக்கு கேன்டீனில் உங்கள் முகத்தில் முழிக்கவும் வேண்டும், இதில் யார் போய் "ரெண்டாவது நிமிஷத்தில் போரடிக்குது" என்று எழுதுவார்கள்?

உங்கள் ஃபார்மை நான் பார்க்கவில்லை. ஆனால் மாணவர்கள் போடுகிற ஃபார்ம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: பாட்டு பிடித்ததா, ஒளிப்பதிவு எப்படி, எடிட்டிங் எப்படி, நடிப்பு எப்படி, ஒன்று முதல் ஐந்துக்குள் மார்க் போடுங்கள். இந்த ஐந்து படி முறைக்கு வேர், ரென்சிஸ் லிக்கர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1932-இல் வெளியிட்ட அளவுகோல். அவர் ஒரே விஷயத்தைப் பற்றிப் பல வாக்கியங்களைக் கொடுத்து, எல்லாப் பதில்களையும் சேர்த்துப் பார்த்துத்தான் ஒருவருடைய மனப்பான்மையை அளந்தார். நண்பனின் வீடியோவுக்கு ஒளிப்பதிவில் நாலு, எடிட்டிங்கில் ஐந்து என்று தட்டிவிட்டுப் போகிறவர்களிடம் அது எதையும் அளக்காது. நாலரை வந்தது, சரி, அதைப் பார்த்து எந்த ஷாட்டை மாற்றுவீர்கள்?

பிடித்ததா என்று கேட்பதையே விட்டுவிடுங்கள். பார்த்ததைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். கதை என்ன என்று முன்கூட்டியே ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் வீடியோவைப் போட்டுக் காட்டிவிட்டு, "இந்தப் பாட்டில் என்ன நடந்தது, நாலு வரியில் எழுதுங்க" என்று கேளுங்கள். உங்கள் வீடியோவில் ஹீரோவுக்கு ஒரு தங்கை வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேரில் ஆறு பேர் அவளைக் காதலி என்று எழுதியிருந்தால், உங்களுக்குப் பெரிய விஷயம் கிடைத்துவிட்டது. அவர்கள் எல்லோருமே வீடியோவுக்கு ஐந்துக்கு ஐந்து போட்டிருக்கலாம், ஆனாலும் நீங்கள் எடுத்த கதையை அவர்கள் பார்க்கவே இல்லை. பாட்டு வீடியோவில் இது அடிக்கடி நடக்கும். வசனம் கிடையாது, பாடல் வரி ஒன்று சொல்லும், படம் இன்னொன்று சொல்லும், எடுத்தவருக்கு மட்டும் எல்லாம் தெளிவாகத் தெரியும், ஏனென்றால் ஸ்கிரிப்ட் அவர் தலைக்குள் இருக்கிறது. பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973-இல் எழுதிய கட்டுரையை உங்கள் கம்யூனிகேஷன் தியரி பேப்பரில் படித்திருப்பீர்கள்: எடுத்தவர் நினைத்தபடியே பார்வையாளர் புரிந்துகொள்ளலாம், பாதி ஏற்றுப் பாதியைத் தன் போக்கில் மாற்றிக்கொள்ளலாம், முழுக்க எதிர்த்தும் வாசிக்கலாம். தேர்வுக்காக மனப்பாடம் செய்த அந்த மூன்றும் உங்கள் பார்வையாளர்கள் எழுதித் தரும் அந்த நாலு வரிகளில் கண்முன் வந்து நிற்கும். எனக்கு அது பார்க்க ரொம்பப் பிடித்த இடம்.

அப்புறம், எந்தக் காட்சி முதலில் நினைவுக்கு வருகிறது என்று கேளுங்கள். எந்த இடத்தில் போனை எடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது என்று கேளுங்கள். "இதில் இருபது செகண்ட் கட்டாயம் வெட்டியே ஆகணும், எதை வெட்டுவீங்க?" என்றும் கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்வி மிகவும் பயனுள்ளது. குறை சொல் என்றால் தயங்குகிற நண்பன், வெட்டச் சொன்னால் கூச்சமில்லாமல் வெட்டுவான், அவன் வெட்டுகிற இடம்தான் அவனுக்குப் போரடித்த இடம். ஃபார்மில் பெயர் கேட்காதீர்கள், மின்னஞ்சல் முகவரி சேகரிக்கிற வசதியையும் அணைத்துவிடுங்கள். முடிந்தால் உங்களைத் தெரியாதவர்களுக்கு இன்னொருவர் மூலமாக அனுப்புங்கள்.

இதையெல்லாம் ரஃப் கட்டிலேயே, அதாவது மெருகு போடாத முதல் எடிட்டிலேயே செய்யுங்கள். கலர் கரெக்‌ஷன் முடித்து, டைட்டில் போட்டு, போஸ்டரும் விட்ட பிறகு ஒருவர் வந்து தங்கையைக் காதலி என்று சொன்னால் உங்களுக்கும் மாற்ற மனம் வராது, நேரமும் இருக்காது. இன்னொரு சின்ன விஷயம், வீடியோவை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கித் தரம் குறைந்துதான் போகும். பிறகு "படம் மங்கலா இருக்கு" என்று வந்த பத்துப் பதிலை உங்கள் கேமராமேன் தலையில் கட்டுவீர்கள். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், அல்லது யூடியூபில் அன்லிஸ்டட் என்று ஏற்றி லிங்க்கை மட்டும் கொடுங்கள்.

கேள்வி: செமினார் ஹாலில் ஜூனியர்கள் எல்லோரையும் உட்கார வைத்து ஒரே தடவையில் போட்டுக் காட்டி, கடைசியில் மைக் கொடுத்துக் கருத்து கேட்கலாம் என்று இருக்கிறோம். அல்லது தனித்தனியாகக் காட்ட வேண்டுமா? எத்தனை பேர் போதும்?
- மாணவி, கோயம்புத்தூர்

பதில்: எல்லோருக்கும் சேர்த்துக் காட்டுங்கள், அந்தக் கைதட்டலை நீங்களும் அனுபவிக்க வேண்டும், அதற்குத்தானே இவ்வளவு உழைத்தீர்கள். ஆனால் மைக் கொடுத்துக் கேட்பதை நம்பாதீர்கள். முதலில் எழுந்து பேசுகிறவர் என்ன சொல்கிறாரோ அதையொட்டியே அடுத்தவர்களும் பேசுவார்கள். சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1951-இல் ஒரு சோதனை செய்தார். ஒரு கோட்டைக் காட்டி, மற்ற மூன்று கோடுகளில் எது அதற்கு நீளத்தில் சமம் என்று சொல்ல வேண்டும், குழந்தைக்கும் விடை தெரியும், ஆனால் அறையில் இருந்த மற்றவர்கள் எல்லோரும், ஏற்கனவே பேசி வைத்துக்கொண்டு, தப்பான கோட்டைச் சொன்னார்கள். சோதிக்கப்பட்டவர்களில் நாலில் மூன்று பேர் ஒரு முறையாவது அந்தத் தப்பான விடைக்கு ஒத்துப்போனார்கள். கோட்டின் நீளத்துக்கே இப்படியென்றால் ஒரு பாட்டு நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதற்கு எப்படி இருக்கும்? அதனால் முதலில் எல்லோரும் எழுதட்டும். எழுதிய தாள் கைக்கு வந்த பிறகு பேச்சைத் தொடங்குங்கள்.

பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஃபிராங்க் ஸ்டான்டன் என்ற இரண்டு வானொலி ஆய்வாளர்கள் 1930-களின் கடைசியில் அமெரிக்க வானொலி நேயர்களுக்காக ஒரு கருவி செய்திருந்தார்கள். நேயர் கையில் ஒரு பச்சைப் பொத்தானும் ஒரு சிவப்புப் பொத்தானும் இருக்கும், நிகழ்ச்சி ஓடும்போதே பிடிக்கிற இடத்தில் பச்சை, பிடிக்காத இடத்தில் சிவப்பு. முழு நிகழ்ச்சியையும் கேட்டு முடித்துச் சொல்லும் ஒரு வார்த்தையைவிட எந்த நொடியில் மனம் விலகியது என்பதுதான் தயாரிப்பவருக்குத் தேவை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உங்களிடம் பொத்தான் இல்லை, ஆனால் பாட்டு வரிகள் இருக்கின்றன! பாடல் முழுவதையும் வரி வரியாக அச்சடித்து ஆளுக்கொரு தாள் கொடுங்கள். முதல் முறை வீடியோவை நிம்மதியாகப் பார்க்கட்டும். இரண்டாம் முறை ஓடும்போது, பிடித்த இடத்தில் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக், சலித்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி போடச் சொல்லுங்கள். வரிகள் இல்லாமல் இசை மட்டும் வரும் இடங்களை 'முதல் இடையிசை', 'இரண்டாவது இடையிசை' என்று தனி வரியாகப் போட்டுக்கொள்ளுங்கள், பெருக்கல் குறி அதிகம் விழுவது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், பாடுகிறவர் வாயை மூடியதும் என்ன காட்டுவது என்று தெரியாமல் நடப்பதும் திரும்புவதுமாக ஸ்லோ மோஷனில் ஓட்டியிருப்பீர்கள்.

முதல் முறை ஓடும்போது உங்களில் ஒருவர் திரைக்குப் பக்கத்தில், பார்வையாளர்களைப் பார்த்தபடி உட்காருங்கள். எந்த இடத்தில் தலை குனிந்தது, எந்த இடத்தில் போன் வெளிச்சம் வந்தது, எந்த இடத்தில் பக்கத்து ஆளிடம் பேசினார்கள் என்று நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். முகத்துக்குப் பொய் சொல்ல நேரம் கிடைக்காது.

எத்தனை பேர் என்றால், ஒரே நாளில் நூறு பேருக்குக் காட்டித் தீர்த்துவிடாதீர்கள். ஒருவர் ஒரு வீடியோவை முதல் தடவையாகப் பார்ப்பது ஒரே ஒரு முறைதான். ஏழெட்டுப் பேருக்குக் காட்டுங்கள், மாற்றுங்கள், அப்புறம் இதுவரை பார்க்காத வேறு ஏழெட்டுப் பேருக்குக் காட்டுங்கள். ஹால் கூட்டத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் பாட்டு வீடியோவில் ஹீரோ ஒரு பெண்ணை பஸ் ஸ்டாப், லைப்ரரி, கோயில் என்று பின்தொடர்ந்து வருகிறான், கடைசியில் அவள் சிரிக்கிறாள். போட்டுக் காட்டியபோது பையன்கள் விசிலடித்தார்கள். பெண்கள் பக்கம் அமைதி. ஃபார்மில் இரண்டு பெண்கள் மட்டும் 'பார்க்கவே பிடிக்கவில்லை' என்று எழுதியிருக்கிறார்கள். டீமில் நான் ஒருத்திதான் பெண். "மெஜாரிட்டிக்குப் பிடிச்சிருக்கு, ரெண்டு பேருக்காக மாத்த முடியுமா?" என்கிறார்கள். என்ன செய்வது அண்ணா?
- மாணவி, மதுரை

பதில்: தங்கச்சி, அந்த இரண்டு பதில்தான் உங்களுக்கு வந்ததிலேயே விலை மதிப்பானது. அதை எழுதியவர்களுக்குத் தைரியம் வேண்டியிருந்திருக்கும்.

முதலில், பதில்களைப் பெண்கள், ஆண்கள் என்று தனித்தனியாகப் பிரித்து மறுபடி பாருங்கள். மொத்தமாகக் கூட்டினால் மெஜாரிட்டிக்குப் பிடித்தது என்றுதான் வரும், ஏனென்றால் ஹாலில் பையன்கள் அதிகம் இருந்திருப்பார்கள், விசில் சத்தமும் அவர்களுடையது. பிரித்துப் பார்த்தால்தான் உண்மையான நிலவரம் தெரியும். அடுத்து, அமைதியாக இருந்த பெண்களிடம் நீங்களே பேசுங்கள், நாலைந்து பேராக, பையன்கள் இல்லாத இடத்தில். "பிடிச்சுதா" என்று ஆரம்பிக்காதீர்கள். "அந்தப் பொண்ணு லைப்ரரியில் திரும்பிப் பார்த்தப்போ அவ மனசுல என்ன ஓடியிருக்கும்?" என்று கேளுங்கள். உங்கள் டீம் வெட்கம் என்று நினைத்து எடுத்த அந்த ஷாட்டை, பயம் என்று அவர்கள் சொல்லக்கூடும். பஸ் ஸ்டாப்பில் ஒருவன் தினமும் வந்து நிற்பது எப்படி இருக்கும் என்பது அவர்களுக்குக் கதை இல்லை, பலருக்கு அது தினசரி அனுபவம். அந்தப் பதில்களை அப்படியே, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி டீமுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

ஒரு பெண் விருப்பமில்லை என்று காட்டிய பிறகும் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது குற்றம். 2013-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 354டி என்று சேர்த்தார்கள், 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 78-ஆவது பிரிவு. டீமில் யாராவது "இது சும்மா சினிமாதானே" என்றால் இதைச் சொல்லுங்கள். ஆனால் சட்டத்தைக் காட்டி ஜெயிப்பதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. மறுபடி ஷூட் போகாமலேயே எவ்வளவு மாற்றலாம் என்று எடிட் டேபிளில் உட்கார்ந்து பாருங்கள். அவள் முதலில் பார்ப்பதாக, அவள் வந்து உட்காருவதாக, இருக்கிற ஷாட்களையே இடம் மாற்றிப் போட்டால் சில சமயம் கதையே மாறிவிடும். அந்தப் புது எடிட்டையும், கோயம்புத்தூர் மாணவிக்கு மேலே சொன்ன பாட்டு வரித்தாளோடு புதியவர்களுக்குக் காட்டுங்கள். பையன்களின் விசில் குறையாமல் பெண்களின் முகமும் மாறினால் உங்கள் டீமே ஒத்துக்கொள்ளும். ஒத்துக்கொள்ளாவிட்டாலும் உங்கள் பெயரும் அந்த வீடியோவில் வருகிறது, அதை நினைவில் வைத்துக்கொண்டு உறுதியாகப் பேசுங்கள்.

கேள்வி: லிப் சிங்க் (உதட்டசைவும் குரலும் பொருந்துவது) சரியில்லை என்று சிலர், சரியாகத்தான் இருக்கிறது என்று சிலர். எடிட்டர் நான்தான். எனக்குச் சரியாகத்தான் தெரிகிறது. யாரை நம்புவது?
- மாணவர், வேலூர்

பதில்: இதில் உங்கள் கண்ணை நம்பாதீர்கள், இருநூறு முறை பார்த்த கண் அது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை ஒன்று இருக்கிறது: சத்தம் படத்துக்கு முன்னால் வந்தால் சுமார் 45 மில்லிசெகண்டிலேயே மனிதர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள், பின்னால் வந்தால் சுமார் 125 மில்லிசெகண்ட் வரை கவனிப்பதில்லை. தூரத்தில் நடப்பதில் முதலில் காட்சி, அப்புறம் சத்தம் என்பதுதான் நாம் பிறந்ததிலிருந்து பழகியது, இடி மின்னல் மாதிரி. நொடிக்கு 25 ஃபிரேம் டைம்லைன் என்றால் ஒரு ஃபிரேம் 40 மில்லிசெகண்ட். அப்படியானால் உதட்டுக்கு முன்னால் குரல் இரண்டு ஃபிரேம் வந்தாலே மாட்டிக்கொள்வீர்கள், பின்னால் இரண்டு ஃபிரேம் என்றால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது.

சரியில்லை என்று சொன்னவர்களிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ப்ளூடூத் இயர்போனில் கேட்டார்களா? அதில் சத்தம் தாமதமாக வர வாய்ப்பு உண்டு, வயர் இயர்போனில் ஒரு தரம் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து, ஆரம்பத்திலேயே விலகி இருக்கிறதா, போகப் போக விலகுகிறதா? ஒரே நீள டேக்கில் போகப் போக விலகினால், போனில் எடுத்த ஷாட்டாக இருக்கும், போன்கள் பெரும்பாலும் ஃபிரேம் வேகத்தை ஏற்றி இறக்கிப் பதிவு செய்யும். ஹேண்ட்பிரேக் மாதிரி ஒரு மென்பொருளில் நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டு எடிட்டில் சேருங்கள்.

கேள்வி: வணக்கம் அண்ணா. நாங்கள் எடுத்த பாட்டை கனடாவில் இருக்கிற சொந்தக்காரருக்கு அனுப்பினோம். "ஊரைப் பாக்க ஆசையா இருக்கு, வாவியையும் பாலத்தையும் இன்னும் கனக்கக் காட்டியிருக்கலாம்" என்கினம். இங்கே சிநேகிதப் பெடியள் "எல்லாற்ற வீடியோவிலயும் இதே கல்லடிப் பாலம்தானே, தூக்கிடு" என்கிறாங்கள். ஆர் சொல்லிறதைக் கேட்கிறது?
- மாணவர், மட்டக்களப்பு

பதில்: இருவரும் தங்களுக்குத் தோன்றியதை உண்மையாகத்தான் சொல்கிறார்கள். டொராண்டோ பனியில் உட்கார்ந்திருக்கிறவருக்கு அந்தப் பாலம் பிறந்த மண், தினமும் அதில் மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு அது வெறும் வழி. இந்தப் பாட்டை யாருக்காக எடுத்தீர்கள் என்பதை எடுப்பதற்கு முன்னாலேயே ஒரு வரியில் எழுதி வைத்திருந்தால் இந்தக் குழப்பம் பாதியாகக் குறைந்திருக்கும், இப்போதாவது எழுதுங்கள். பார்வையாளர் சொல்வதில் இரண்டு பாகம் இருக்கும், எங்கே உறுத்துகிறது என்பது ஒன்று, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பது இன்னொன்று. முதலாவதில் அவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது உங்கள் வேலை. தையல்காரரிடம் "தோளில் பிடிக்குது" என்று சொல்வோம், எந்தத் தையலைப் பிரிக்க வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். உங்கள் பெடியள் "பாலத்தைத் தூக்கு" என்றால், அந்த இடத்தில் அவர்களுக்குப் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். பாலத்தை எல்லோரும் எடுக்கிற கோணத்தில், ட்ரோனில் மேலிருந்து எடுத்திருக்கிறீர்களா? அப்படியானால் அதே பாலத்தில் காலையில் மீன் கொண்டு போகிறவரையோ பள்ளிக்கூடம் போகிற பிள்ளையையோ வைத்து ஒரு ஷாட் எடுத்துப் பாருங்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்து நல்ல பதில் அதில் கிடைக்கலாம்.

கேள்வி: யூடியூபில் ஏற்றிவிட்டோம். முதல் அரை நிமிடத்திலேயே பாதிப் பேர் போய்விடுவதாக கிராஃப் காட்டுகிறது. கமென்ட்டில் யாரும் குறை சொல்லவில்லையே?
- மாணவர், சென்னை

பதில்: பிடிக்காதவர்கள் கமென்ட் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள், போய்விடுவார்கள். அந்தக் கோடுதான் அவர்களுடைய கருத்து. எத்தனை பேர் டிஸ்லைக் போட்டார்கள் என்பதை 2021 நவம்பரிலிருந்து பார்வையாளர்களுக்கு மறைத்துவிட்டார்கள், ஆனால் சேனல் வைத்திருக்கும் உங்களுக்கு யூடியூப் ஸ்டூடியோவில் தெரியும், அதையும் பாருங்கள். உங்கள் வீடியோவில் பாட்டு எத்தனையாவது செகண்டில் தொடங்குகிறது? கல்லூரி லோகோ, டீம் லோகோ, 'வழங்கும்', நன்றி கார்டு, அப்புறம் சூரிய உதயம் என்றால் அரை நிமிடம் அதிலேயே போயிருக்கும். எல்லாவற்றையும் கடைசிக்கு நகர்த்துங்கள். கோடு மேலே ஏறுகிற இடம் இருந்தால் அது மக்கள் திரும்ப ஓட்டிப் பார்க்கிற இடமாக இருக்கலாம், போய்ப் பாருங்கள், ஒரு வேளை பிடித்திருக்கும், ஒரு வேளை புரியாமல் திரும்பப் பார்த்திருப்பார்கள். பார்த்தவர்கள் சில பத்துப் பேர்தான் என்றால் அந்தக் கோட்டைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: நான் பேராசிரியை. மாணவர்கள் ரெக்கார்டில் 'பார்வையாளர்கள் மிகவும் ரசித்தார்கள்' என்று ஒரு வரியும் ஒரு பை சார்ட்டும் ஒட்டிக் கொடுக்கிறார்கள். இதற்கு எப்படி மார்க் போடுவது?
- வாசகி, திருச்சி

பதில்: அம்மா, பிரிட்டனில் ஓசிஆர் தேர்வு வாரியத்தின் பழைய ஏ லெவல் (பள்ளி இறுதி நிலை) மீடியா ஸ்டடீஸ் பாடத்திட்டத்தில் மாணவர்கள் பாட்டு வீடியோ மாதிரியான ஒன்றைத் தாங்களே எடுத்துவிட்டு நான்கு கேள்விகளுக்குப் பதில் தர வேண்டியிருந்தது. அதில் ஒன்று, பார்வையாளர் கருத்திலிருந்து நீங்கள் கற்றுக்கொண்டது என்ன என்பது. எத்தனை பேருக்குப் பிடித்தது என்று அவர்கள் கேட்கவில்லை. நீங்களும் பை சார்ட்டுக்கு மார்க் கிடையாது என்று பருவத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். ரஃப் கட்டையும் ஃபைனல் கட்டையும் சேர்த்தே வாங்குங்கள். எந்தப் பார்வையாளர் சொன்ன எந்த வார்த்தையால் எந்த ஷாட் மாறியது என்று மூன்று இடமாவது காட்ட வேண்டும், அதோடு ஒரு கருத்தையாவது ஏன் ஏற்கவில்லை என்று எழுத வேண்டும். வைவாவில் அந்த ஏற்காத கருத்தைப் பற்றியே முதலில் கேளுங்கள், உண்மையிலேயே ஆட்களுக்குப் போட்டுக் காட்டினார்களா, ஹாஸ்டல் அறையிலேயே ஃபார்மை நிரப்பினார்களா என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.